வீட்டு விறகுக்கு நம்பத்தக்க சங்கிலி வாளைத் தெரிவு செய்தல்

நோர்வேயில் பெரும்பாலான வீடுகள் மின்சாரத்தால் வெப்பமூட்டப்படுகின்றன. ஆயினும் கடுங்குளிரில் மின்கட்டணம் உயரும்போதும், புயலில் மின்கம்பிகள் அறுந்து வீடு இருளும்போதும், குடும்பத்துக்குக் கைகொடுப்பது விறகு அடுப்பே. குடிமக்கள் பாதுகாப்புக்குப் பொறுப்பான அரச திணைக்களமாகிய டி.எஸ்.பி., ஒவ்வொரு குடும்பமும் ஒரு வார காலத்துக்குத் தன் தேவைகளைத் தானே நிறைவு செய்யும் ஆயத்தத்துடன் இருக்க வேண்டும் என 2024ஆம் ஆண்டிலிருந்து அறிவுறுத்தி வருகிறது. மின்சாரம் இல்லாதபோதும் வீட்டைச் சூடாக வைத்திருக்கும் வழி அந்த ஆயத்தத்தின் ஒரு பகுதியாகும்.

அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து தனிவீட்டுக்குக் குடிபெயரும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு, வீட்டோடு ஒரு விறகு அடுப்பும், வளவில் வெட்ட வேண்டிய இரண்டொரு பேர்ச் மரங்களும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. அப்போது வீட்டுக்கொரு சங்கிலி வாள் வாங்கும் எண்ணம் எழுவது இயல்பு. நோர்வேஜிய மொழியில் இது மோட்டோர்சாக் எனப்படும். ஊரில் கோடரியும் கைவாளும் கொண்டு விறகு வெட்டிப் பழகியவருக்கும் இக்கருவி புதியது. அதன் சங்கிலி ஒரு செக்கனில் 20 மீற்றருக்கும் கூடிய வேகத்தில் ஓடுகிறது. தவறு நேர்ந்தால் கையை விலக்கிக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை. எனவே இக்கருவியைத் தெரிவு செய்வதில் விலைக்கும் விளம்பரத்துக்கும் முன்னால் சிந்திக்க வேண்டியவை சில உள்ளன.

நம்பத்தக்க வாள் எது?

கடையில் நிற்பவர் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, எந்த நிறுவனத்தின் வாள் சிறந்தது என்பதாகும். புகழ்பெற்ற நிறுவனங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. சுவீடனின் ஹுஸ்க்வார்னா 1689ஆம் ஆண்டில் துப்பாக்கித் தொழிற்சாலையாகத் தொடங்கி, 1959ஆம் ஆண்டில் தன் முதற் சங்கிலி வாளை வெளியிட்டது. ஜேர்மனியின் ஸ்டீல் நிறுவனம் 1926ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. ஆனால் ஒரே நிறுவனம் தோட்டத்துக்கான சிறு வாளையும், நாள் முழுவதும் காட்டில் உழைப்பவருக்கான பெரு வாளையும் செய்கிறது. ஆகையால் பெயரை மட்டும் கேட்டு வாங்குபவர் தம் வேலைக்குப் பொருந்தாத வாளுடன் வீடு திரும்பக்கூடும்.

வீட்டு விறகைப் பொறுத்தவரை, நம்பத்தக்க வாளுக்கு மூன்று இயல்புகள் இருத்தல் வேண்டும். முதலாவது, தேவையான நாளில் தொடங்க வேண்டும். இரண்டாவது, ஆபத்தான கணத்தில் நிற்க வேண்டும். மூன்றாவது, கூர் மழுங்கினாலும் பழுதுபட்டாலும் அதனைச் சீராக்கும் வழி அருகில் இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும், விலை எவ்வளவு உயர்ந்ததாயினும் அவ்வாள் நம்பத்தக்கதாகாது. இப்பாடம் இம்மூன்றையும் ஒவ்வொன்றாக விளக்குகிறது.

முதலில் வேலையை அளத்தல்

வாளைப் பார்க்கச் செல்வதற்கு முன் விறகின் அளவைக் கணக்கிடுதல் நன்று. நோர்வேயில் விறகு பல அளவுகளில் விற்கப்படுகிறது. எரிபொருள் நிலையங்களிலும் கடைகளிலும் 40 அல்லது 60 லீற்றர் பைகள் கிடைக்கும். பழைய அளவாகிய ஃபாவ்ன் என்பது அடுக்கி வைத்த நிலையில் 2.4 கனமீற்றர் விறகைக் குறிக்கும். 2 மீற்றர் நீளமும் 2 மீற்றர் உயரமும் 60 சென்ரிமீற்றர் ஆழமும் உடைய அடுக்கு அது.

ஆண்டுக்குச் சில பைகள் மட்டும் எரிக்கும் குடும்பத்துக்குச் சங்கிலி வாள் தேவையில்லை. அறுத்துப் பிளந்து உலர்த்திய விறகை வாங்குவதே அவர்களுக்கு மலிவும் பாதுகாப்பும் ஆகும். தோட்டத்துச் சிறு கிளைகளை அறுக்க ஒரு வில்வாள் போதும்.

ஆண்டுக்கு ஒரு ஃபாவ்னோ அதற்கு மேலோ தாமே அறுக்க விரும்புவோர் பின்வரும் கணக்கைப் பார்க்கலாம். அடுக்கிய விறகில் ஏறத்தாழ 65 விழுக்காடே மரம். எஞ்சியது துண்டுகளுக்கு இடைப்பட்ட வெளி. ஆகவே ஒரு ஃபாவ்னில் உள்ள மரம் ஏறத்தாழ ஒன்றரைக் கனமீற்றர். அதனை 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தண்டுகளாகக் கொண்டால், அவற்றின் மொத்த நீளம் 90 மீற்றரை நெருங்கும். வீட்டு அடுப்புகளுக்குப் பொதுவான 30 சென்ரிமீற்றர் நீளத்தில் துண்டாக்கினால், ஒரு ஃபாவ்னுக்கு ஏறத்தாழ 300 வெட்டுகள் தேவை. இந்த எண்ணை மனத்திற் கொண்டால், விளம்பரங்களில் காணும் கூற்றுகளை எடைபோட முடியும். ஒரு முறை ஏற்றிய மின்கலம் இத்தனை வெட்டுகளைத் தரும் என நிறுவனம் சொல்லும்போது, அக்கணக்கு எத்தனை சென்ரிமீற்றர் தடித்த, எவ்வகை மரத்துக்கு உரியது என்பதையும் வாசித்தறிய வேண்டும். மென்மையான ஸ்புரூஸ் மரத்திற் செய்த கணக்கு, இறுகிய பேர்ச் மரத்துக்குப் பொருந்தாது.

மூவகை வாள்களும் அவற்றின் எல்லைகளும்

மின்கம்பி இணைத்த வாள் விலை குறைந்தது, எடை குறைந்தது, எரிபொருள் வேண்டாதது. வீட்டு முற்றத்தில், மரந்தாங்கியின் மேல் வைத்து அறுக்கும் வேலைக்கு இது போதுமானது. ஆனால் கம்பி செல்லும் தூரமே அதன் எல்லை. வெளியிடப் பயன்பாட்டுக்கு உரிய நீட்டிப்புக் கம்பியையும், மின்கசிவின்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு உள்ள இணைப்பையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். கம்பி எப்போதும் வேலை செய்பவரின் பின்புறமாகவே கிடக்க வேண்டும். மழையில் இவ்வாளைப் பயன்படுத்தலாகாது.

மின்கல வாள் அண்மைக் காலத்தில் பெரிதும் முன்னேறியுள்ளது. விசையை அழுத்தியதும் இயங்கும், புகை இல்லை, ஓசை குறைவு. ஆண்டில் ஓரிரு ஃபாவ்ன் அறுக்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு இதுவே பொருத்தமானது. ஆயினும் உறைகுளிரில் மின்கலத்தின் ஆற்றல் குறையும். மின்கலத்தை வீட்டினுள் வைத்திருந்து, வேலை தொடங்கும்போது வெளியே கொண்டு செல்லுதல் நன்று. குளிர்ந்த மின்கலத்தை உடனே மின்னேற்றலாகாது. அறை வெப்பநிலைக்கு வந்த பின்பே ஏற்ற வேண்டும். வாங்கும்போது வாளின் விலையோடு இரண்டாவது மின்கலத்தின் விலையையும் மின்னேற்றியின் விலையையும் கூட்டிப் பார்க்க வேண்டும். இவ்வகை வாளுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. அது வாளாவிருக்கும்போது ஓசை எழுப்புவதில்லை. ஓசை இல்லாததால் அது அணைந்துவிட்டது என எண்ணிச் சங்கிலியைத் தொடுவோர் உளர். சங்கிலியைத் தொடுமுன் மின்கலத்தைக் கழற்றுதல் மாறா விதியாக இருக்க வேண்டும்.

பெற்றோல் வாள் மின்னிணைப்பில்லாத இடத்திலும் நாள் முழுவதும் உழைக்கும். பெரிய அளவில் விறகு சேர்ப்போருக்கும், காட்டில் வேலை செய்வோருக்கும் இது ஏற்றது. இதற்கு ஈடாகப் பராமரிப்பு கூடுதல். எரிபொருளைக் கலக்க வேண்டும், காற்று வடிகட்டியைத் துப்புரவாக்க வேண்டும், ஸ்பார்க் பிளக்கைக் கவனிக்க வேண்டும். இதன் புகையில் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு உள்ளதால், கதவு திறந்திருந்தாலும் கராஜுக்குள்ளோ கொட்டிலுக்குள்ளோ இயக்கலாகாது.

அளவும் எடையும்

பெற்றோல் வாள்களின் வலிமை இயந்திரத்தின் கன அளவால் குறிக்கப்படுகிறது. 35 முதல் 40 கனசென்ரிமீற்றர் வரையானவை தோட்ட வேலைக்கும் சிறிதளவு விறகுக்கும் உரியவை. 45 முதல் 50 வரையானவை ஆண்டுதோறும் பல ஃபாவ்ன் விறகு அறுப்போருக்குப் போதும். 60க்கு மேற்பட்டவை தொழிலாகச் செய்வோருக்கானவை. அவற்றை வீட்டுக்கு வாங்குதல் பணவிரயம் மட்டுமன்று. எடையால் விரைவில் களைப்பு வரும், களைத்த கையில் வாள் தவறும்.

சங்கிலி ஓடும் தகடு அலகு எனப்படும். வீட்டு விறகுக்கு 33 முதல் 38 சென்ரிமீற்றர் வரை நீளமுள்ள அலகு போதுமானது. நீண்ட அலகு பெரிய மரத்தை எளிதில் அறுக்கும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில், வலிமை குறைந்த இயந்திரத்தில் நீண்ட அலகைப் பூட்டினால் சங்கிலி திணறும். அலகின் நுனி கண்ணுக்குத் தெரியாமல் மரத்துக்கு அப்பாலுள்ள பொருளில் முட்டும் வாய்ப்பும் கூடும்.

கடைச் சீட்டில் எழுதப்படும் எடை பொதுவாக அலகும் சங்கிலியும் எரிபொருளும் இல்லாத எடையே. 4.5 கிலோகிராம் எனக் குறித்த வாள் வேலைக்கு ஆயத்தமாகும்போது 6 கிலோகிராமை நெருங்கும். எனவே வாங்குபவர் முழுமையாகப் பூட்டிய வாளைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கையுறை அணிந்தபடியே பிடித்துப் பார்த்தல் மேலும் நன்று. விசையும் பூட்டும் கையுறையுடன் எளிதாக இயங்குகின்றனவா, முன்பிடியைப் பெருவிரல் முழுமையாகச் சுற்றி வளைக்கிறதா என்பவற்றைச் சோதிக்க வேண்டும். குடும்பத்தில் இருவர் பயன்படுத்துவதாயின், சிறிய கையும் குறைந்த வலிமையும் உடையவருக்குப் பொருந்துவதையே தெரிவு செய்தல் வேண்டும்.

அதிர்வின் அளவும் கவனத்துக்குரியது. நெடுங்கால அதிர்வு விரல்களின் குருதியோட்டத்தைக் கெடுத்து, குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோயை உண்டாக்கும். கையேட்டில் முன்பிடிக்கும் பின்பிடிக்கும் அதிர்வு எண்கள் தனித்தனியே தரப்பட்டிருக்கும். இரு வாள்கள் மற்றவற்றில் ஒத்திருப்பின், சிறிய எண் உள்ளதே கைக்கு நல்லது.

முதல் இயல்பு: தேவையான நாளில் தொடங்குதல்

இயங்காத பெற்றோல் வாள்களில் பலவற்றின் குறை இயந்திரத்தில் இல்லை, எரிபொருளில் உள்ளது. வாகனங்களுக்கான பெற்றோலில் எதனோல் கலந்துள்ளது. அது ஈரத்தை ஈர்க்கும். மாதக்கணக்கில் தேங்கினால் கெட்டுக் காபரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். இலையுதிர்காலத்தில் பயன்படுத்தி, அடுத்த வசந்தம் வரை மூலையில் வைக்கப்படும் வீட்டு வாளுக்கு இது பெரும் பகை. இதனால் நோர்வேயிலும் சுவீடனிலும் வீட்டுப் பயனாளர் பலர் அல்கிலேட் பெற்றோலை வாங்குகின்றனர். அது விலை கூடியது. ஆனால் நெடுங்காலம் கெடாது. அதன் புகையில் உடலுக்குத் தீங்கான பொருள்களும் குறைவு. இரண்டடி இயந்திரத்துக்கான எண்ணெய் முன்னரே கலக்கப்பட்ட கலன்களாகவும் கிடைக்கும்.

தாமே கலப்போர் கையேடு கூறும் அளவைப் பின்பற்ற வேண்டும். பெரும்பாலான புதிய வாள்களுக்கு அது 2 விழுக்காடு, அதாவது 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர் எண்ணெய். எண்ணெய் கலவாத பெற்றோலை ஒரு முறை ஊற்றி இயக்கினாலே இயந்திரம் தேய்ந்து பாழாகும். அத்தகைய பழுதுக்கு விற்பனையாளர் பொறுப்பேற்பதில்லை.

கடையில் வாங்கும்போது, குளிர்ந்த வாளைத் தொடங்கும் முறையைச் செய்துகாட்டக் கேட்பது வாங்குபவரின் உரிமை. தொடக்கக் கயிற்றைத் தாமும் இழுத்துப் பார்க்க வேண்டும். தோள்வலி உள்ளவருக்கும் முதியவருக்கும் இந்த ஒரு சோதனையே மின்கல வாளா பெற்றோல் வாளா என்பதை முடிவுசெய்து தரும்.

இரண்டாம் இயல்பு: ஆபத்தான கணத்தில் நிற்றல்

சங்கிலி வாளின் மிகப் பெரிய ஆபத்து பின்னுதைப்பு. நோர்வேஜிய மொழியில் இதனைக் காஸ்ட் என்பர். அலகு நுனியின் மேற்காற்பகுதி மரத்திலோ கிளையிலோ முட்டும்போது, ஓடும் சங்கிலி அங்கே பற்றிக்கொண்டு, முழு வாளையும் மேல்நோக்கியும் பின்நோக்கியும் வேலை செய்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி எறிகிறது. அது கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்வது. மனிதர் அதனை உணர்ந்து தடுக்க இயலாது. ஆகையால் தடுக்கும் பணி வாளினுடையதாக இருக்க வேண்டும்.

முன்பிடிக்கு முன்னே நிற்கும் கைக்காப்பு, சங்கிலி பிரேக்கை இயக்கும் நெம்புகோலும் ஆகும். பின்னுதைப்பின்போது அது கையில் தட்டுப்பட்டோ, தன் எடையால் தானே முன்சாய்ந்தோ சங்கிலியை உடனே நிறுத்தும். இதனைத் தவிர, பின்பிடியை உள்ளங்கை அழுத்தினாலன்றி இயங்காத விசைப்பூட்டு, அறுந்த சங்கிலியைப் பற்றும் கொக்கி, கையைக் காக்கும் அகன்ற பின்பிடி, பின்னுதைப்பைக் குறைக்கும் வகையில் அமைந்த சங்கிலி ஆகியன உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். ஐரோப்பியச் சந்தைக்குரிய வாளில் சி.இ. குறியும், நோர்வேஜிய மொழிக் கையேடும் இருத்தல் வேண்டும். இணையத்தில் மிக மலிவாகக் கிடைக்கும் சில வாள்களில் இவை இரா. அவற்றின் தோற்றம் புகழ்பெற்ற வாள்களை ஒத்திருப்பினும் அவற்றை நம்பலாகாது. கையேட்டைத் தாமே வாசிக்க இயலாதவர், மொழியறிந்த பிள்ளையையோ நண்பரையோ அருகில் வைத்து, முதல் வெட்டுக்கு முன்பே பாதுகாப்புப் பகுதி முழுவதையும் கேட்டறிய வேண்டும்.

பிரேக் இருக்கிறது என்பதால் கவனம் தளரக்கூடாது. வாளை எப்போதும் இரு கைகளாலும் பிடிக்க வேண்டும். இடக்கைப் பெருவிரல் முன்பிடியின் அடியால் சுற்றியிருக்க வேண்டும். இடக்கைப் பழக்கமுடையவரும் இவ்வாறே பிடிக்க வேண்டும். தோளுக்கு மேல் உயர்த்தி அறுக்கலாகாது. ஏணியில் நின்று அறுக்கவே கூடாது. நடக்கும்போது பிரேக் பூட்டியிருக்க வேண்டும். பெற்றோல் வாளின் விசையை விட்ட பின்னும் சங்கிலி ஓடிக்கொண்டிருந்தால், அவ்வாளைத் திருத்தும் வரை பயன்படுத்தலாகாது.

வாளோடு சேர்த்து வாங்க வேண்டியவை

பணத்தைக் கணக்கிடும்போது வாளையும் காப்புடையையும் ஒரே பொருளாகக் கருத வேண்டும். காப்புடைக்குப் பணம் மிஞ்சாதெனின், சிறிய வாளை வாங்கிக் காப்புடையை முழுமையாக வாங்குவதே அறிவுடைமை.

வெர்னபுக்சே எனப்படும் காப்புக் காற்சட்டையினுள் நீண்ட இழைகள் அடுக்கப்பட்டுள்ளன. சங்கிலி துணியைக் கிழித்தவுடன் அவ்விழைகள் வெளிப்பட்டுச் சங்கிலிச் சக்கரத்தில் சிக்கி அதனை நிறுத்துகின்றன. வகுப்பு 1 என்பது செக்கனுக்கு 20 மீற்றர் வேகமுள்ள சங்கிலிக்கும், வகுப்பு 2 என்பது 24 மீற்றர் வேகத்துக்கும் சோதிக்கப்பட்டவை. எந்தக் காற்சட்டையும் முழுப் பாதுகாப்புத் தருவதில்லை. ஒரு முறை சங்கிலி பட்டுக் கிழிந்த காற்சட்டையைத் தைத்து அணிதலும் கூடாது. இதனோடு, முகத்திரையும் காதுக்காப்பும் இணைந்த தலைக்கவசம், சங்கிலிவாள் வேலைக்குரிய காப்புச் சப்பாத்து, கையுறை ஆகியவை வேண்டும். பெற்றோல் வாளின் ஓசை இயக்குபவரின் காதருகே 100 டெசிபெலைக் கடக்கும். அரை மணி நேர வேலைக்கும் காதுக்காப்புத் தேவை. சால்வை, தொங்கும் கழுத்துத்துணி, கட்டாத நீண்ட கூந்தல், தளர்ந்த ஆடை ஆகியவற்றுடன் வாளின் அருகே நிற்கலாகாது.

மூன்றாம் இயல்பு: சீராக்கும் வழி அருகில் இருத்தல்

சங்கிலி வாளின் உயிர் சங்கிலியின் கூரில் உள்ளது. இன்றைய சங்கிலியின் வடிவம் 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் உருவானது. ஜோசப் கொக்ஸ் என்னும் மரவெட்டுநர், மரத்தைக் குடைந்து செல்லும் வண்டின் புழுவை உற்றுநோக்கினார். அதன் வளைந்த தாடைகள் இடமும் வலமுமாக மரத்தைச் சீவிச் செல்வதைக் கண்டு, அவ்வாறே இட, வலப் பற்கள் மாறிமாறி அமைந்த சங்கிலியை வடிவமைத்தார். இன்றும் ஒவ்வொரு வெட்டுப் பல்லுக்கும் முன்னே ஒரு சிறு மேடு உண்டு. பல் எவ்வளவு ஆழமாகக் கடிக்க வேண்டும் என்பதை அம்மேடு வரையறுக்கிறது. பல்லைத் தீட்டத் தீட்ட அது தாழும். எனவே இடையிடையே மேட்டையும் அதற்கேற்ப அராவ வேண்டும். அளவுக்கு மீறி அராவினால் பல் மிகுதியாகக் கடித்துப் பின்னுதைப்பு பெருகும்.

கூரிய சங்கிலி சீவல்களை வெளியேற்றும். மழுங்கிய சங்கிலி மாவு போன்ற தூளை உதிர்க்கும். வாளை அழுத்தினால்தான் அறுக்கும். வெட்டு ஒரு பக்கமாக வளைந்து செல்லும். இவற்றில் ஒன்றைக் கண்டால் உடனே வேலையை நிறுத்தித் தீட்ட வேண்டும். சிறு வாள்களில் பொதுவான தாழ்வடிவ 3/8 சங்கிலிக்கு 4.0 மில்லிமீற்றர் வட்ட அரமும், .325 சங்கிலிக்கு 4.8 மில்லிமீற்றர் அரமும் வேண்டும். வாளை வாங்கும் அன்றே அதற்குரிய அரத்தையும், கோணத்தைக் காட்டும் வழிகாட்டியையும் வாங்கி, தீட்டும் முறையைக் கடையில் கேட்டறிதல் நன்று. மாற்றுச் சங்கிலி ஒன்றும் கையில் இருக்கட்டும்.

பழுதுபார்க்கும் நிலையம் எங்கே உள்ளது என்பது வாளின் தரத்துக்கு இணையான கேள்வி. விற்பனையாளரிடம் மூன்று செய்திகளைக் கேட்க வேண்டும்: இவ்வாளை இங்கேயே திருத்துவீர்களா, உதிரிப்பாகங்கள் கையிருப்பில் உள்ளனவா, இலையுதிர்காலத்தில் திருத்தி முடிக்க எத்தனை நாள் செல்லும். தெளிவான விடை தரும் அருகிலுள்ள சிறு கடை, விலை சற்றுக் கூடினாலும், தொலைவிலுள்ள மலிவுக் கடையை விட நன்மை பயக்கும்.

சட்டமும் வாங்குபவரைக் காக்கிறது. நோர்வேயின் நுகர்வோர் கொள்வனவுச் சட்டப்படி, பொருளில் குறையிருப்பின் குறைந்தது 2 ஆண்டுகளுக்கு முறையிடும் உரிமை உண்டு. நெடுங்காலம் நீடிக்க வேண்டிய பொருள்களுக்கு அது 5 ஆண்டுகள். இவ்வுரிமை ரெக்லமஷூன் எனப்படும். குறையைக் கண்டதும் தாமதமின்றி அறிவிக்க வேண்டும். பற்றுச்சீட்டைப் பாதுகாக்க வேண்டும். இணையத்தில் வாங்கியவருக்கு 14 நாள்களுக்குள் மனம் மாறித் திருப்பியனுப்பும் உரிமையும் உண்டு.

பழைய வாளை வாங்குவோர்

தனியாரிடமிருந்து வாங்கும் பழைய வாளுக்கு மேற்கூறிய நுகர்வோர் உரிமை முழுமையாகப் பொருந்தாது. எனவே சோதனை கடுமையாக இருக்க வேண்டும். முதலில் இயந்திரத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வாங்குபவர் வருமுன்னரே அது சூடாக்கப்பட்டிருந்தால், குளிரில் தொடங்கத் தயங்கும் வாளாக இருக்கலாம். இயக்கியபின் சங்கிலி பிரேக்கைச் சோதிக்க வேண்டும். சங்கிலி உடனே நிற்க வேண்டும். அலகின் நுனியை வெளிர்நிறப் பலகைக்கு மேலே தொடாமற் பிடித்து இயக்கினால், மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிடில் சங்கிலிக்கு எண்ணெய் செல்லவில்லை. அலகின் இரு விளிம்புகளும் சமமாகத் தேய்ந்துள்ளனவா, பிடிகளைத் தாங்கும் இறப்பர் வெடித்துள்ளதா, கொக்கியும் கைக்காப்பும் உடையாமல் உள்ளனவா என்பவற்றையும் காண வேண்டும். பாதுகாப்புப் பகுதி ஒன்றேனும் கழற்றப்பட்டிருந்தால் அவ்வாளை வாங்கலாகாது.

வாங்கிய பின்

தம் வளவில் விறகு அறுப்பவருக்குப் பயிற்சிச் சான்று கட்டாயமில்லை. தொழிலிடத்தில் பயன்படுத்துவோருக்கு ஆவணப்படுத்தப்பட்ட பயிற்சி வேண்டும் எனச் சட்டம் கூறுகிறது. சான்று கேட்கப்படாவிடினும் உடலுக்கு நேரும் காயம் ஒன்றே. ஸ்கூக்குர்ஸ் போன்ற நிறுவனங்கள் நடத்தும் சங்கிலிவாள் வகுப்புகளில் வீட்டுப் பயனாளரும் சேரலாம்.

கிடக்கும் தண்டைத் துண்டாக்குவதும் நிற்கும் மரத்தை வீழ்த்துவதும் வெவ்வேறு வேலைகள். இப்பாடம் முதலாவதைப் பற்றியது. மரத்தை வீழ்த்துதல், புயலில் சாய்ந்து இறுகி வளைந்து கிடக்கும் மரத்தை அறுத்தல் ஆகியவற்றைப் பயிற்சியற்றவர் தொடலாகாது. மின்கம்பியின் அருகிலுள்ள மரத்தை வெட்டுமுன் மின்வலையமைப்பு நிறுவனத்தை அழைக்க வேண்டும். காட்டில் உலாவும் உரிமை எல்லோருக்கும் உண்டு. மரம் வெட்டும் உரிமை நில உரிமையாளரின் அனுமதியால் மட்டுமே வரும்.

தனியே வேலை செய்தலைத் தவிர்க்க வேண்டும். தொலைபேசி உடையில் இருக்க வேண்டும்; சற்று அப்பால் வைத்த பையில் இருப்பது போதாது. மருத்துவ அவசர எண் 113. ஜெல்ப் 113 என்னும் செயலி இருக்கும் இடத்தை மீட்பாளருக்குத் தெரிவிக்கும். குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் வேலையிடத்தை அணுகாதவாறு பார்க்க வேண்டும். ஞாயிறும் பொது விடுமுறைகளும் அமைதிக்குரிய நாள்கள். அந்நாள்களில் வாளோசையைத் தவிர்த்தல் அயலவருக்குச் செய்யும் மரியாதை.

அறுத்த விறகைப் பிளந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் மேலே மட்டும் மூடி உலர்த்த வேண்டும். ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே வந்த பின்பே எரிக்கலாம். குளிர்காலத்தின் இறுதியில் வெட்டிப் பிளந்த பேர்ச், நல்ல கோடையைக் கடந்தால் அவ்வாண்டின் குளிருக்கே ஆயத்தமாகும்.

கடைக்குச் செல்லுமுன் விடை காண வேண்டிய வினாக்கள்

1. ஆண்டுக்கு எத்தனை ஃபாவ்ன் விறகு அறுக்கப்படும்? அதனை வாங்குவதே மலிவாகுமா?

2. அறுக்கும் இடத்தில் மின்னிணைப்பு உண்டா? மரத்தின் மிகத் தடித்த பகுதி எத்தனை சென்ரிமீற்றர்?

3. வாளைப் பயன்படுத்தப் போகிறவர் யார்? முழுமையாகப் பூட்டிய வாளின் எடையை அவரால் தாங்க முடியுமா? தொடக்கக் கயிற்றை அவரால் இழுக்க முடியுமா?

4. காப்புக் காற்சட்டை, தலைக்கவசம், சப்பாத்து, கையுறை, அரம், மாற்றுச் சங்கிலி ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்கப்பட்டுள்ளதா?

5. வாள் பழுதானால் எங்கே கொண்டு செல்வது?

6. வேலை நடக்கும்போது அருகில் இருக்கப்போகிறவர் யார்?

இந்த ஆறு வினாக்களுக்கும் விடை எழுதிய தாளுடன் கடைக்குச் செல்பவரிடம் விற்பனையாளர் வேறு விதமாகப் பேசுவார். ஆறாவது வினாவுக்கு விடை கிடைக்காத நாளில், வாள் எவ்வளவு நல்லதாயினும், அது உறையிலேயே இருக்கட்டும்.